ஓடு உரிக்காத முட்டை

புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும் என்பதால் எழுதித் தருகிறேன். ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, கேசரி கொடுத்து, நான் படியிறங்குவதற்குள் என் நாற்காலியை வேறு அறைக்குத் தூக்கிப் போனவர்கள், இன்று 'உங்கள் அனுபவம் பிள்ளைகளுக்குப் பயன்படும்' என்கிறார்கள். பயன்படுமா என்று தெரியாது. எனக்கே அது அதிகம் பயன்பட்டதில்லை.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை கேட்பதற்கு எளிது. மனநல வண்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனைக்கு வருகிறது. டாக்டர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார்கள். இந்தச் சேவை எப்படி இருக்கிறது, டாக்டர் காது கொடுத்துக் கேட்டாரா, வீட்டில் நன்றாகக் கவனிக்கிறார்களா என்று நோயாளிகளிடம் கேட்டு எழுதி வர வேண்டும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் நான் பஸ் ஏறி இறங்கிச் செய்ததும் இதைத்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே போனாலும் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பதில் 'திருப்தி'. மல்லாங்கிணற்றில் ஒரு பெரியவர், மகனுக்காக மாத்திரை வாங்க வருகிறவர், நான் பையிலிருந்து பேனாவை எடுப்பதற்குள் "ரொம்பத் திருப்திம்மா" என்றார். நான் இன்னும் எதுவும் கேட்கவில்லையே என்றேன். "நீங்க எதக் கேட்டாலும் திருப்திதான். மாத்திரைய மட்டும் நிப்பாட்டிராதீக" என்றார். அந்த மனிதர் நம்மைப் புரிந்துகொண்ட அளவுக்கு நம் மேலதிகாரிகள் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. அவர் சொன்ன 'திருப்தி' அந்த ஆண்டு அறிக்கையில் போய் உட்கார்ந்து, எல்லோரையும் சந்தோஷப்படுத்தியது.

இரண்டாவது, மருந்துச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவரிடம் கேட்டு முடித்துவிடும் வழக்கம். வண்டி வருகிற நாளில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் நோயாளிகள் அல்ல. அம்மா நிற்பார், மச்சினன் நிற்பார், சில நேரம் பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். வெயிலில் கிராமம் கிராமமாக அலைய யாருக்கு ஆசை? வரிசையிலேயே நான்கு பேரைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். இப்படி நோயாளியின் முகத்தையே பார்க்காமல் நோயாளியின் கருத்தை எழுதுவதில் எங்கள் ஆட்கள் கைதேர்ந்தவர்கள். உங்களுக்கும் சீக்கிரம் பழக்கிவிடுவார்கள்.

இனி நான் சொல்ல வந்தது. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். ஆட்களின் பெயரை மாற்றிச் சொல்கிறேன். அவர் காதர், அவர் மனைவி மெகர். காதர் சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஊர் திரும்பிய ஆண்டில் அவருக்குத் தூக்கம் கெட்டது. போனுக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லி அதைக் கிணற்றில் போட்டார். பிறகு மனைவியின் போனையும் போட்டார். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பார்த்து, இனி ஊருக்குப் பக்கத்திலேயே மாத்திரை வாங்கிக்கொள்ளட்டும் என்று நம் வண்டிக்கு அனுப்பியிருந்தார்கள். நோய் பொய்யில்லை. மாத்திரை அவருக்குத் தேவையாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை மருந்துக்கு எதிரி என்று திட்ட வேண்டாம்.

வண்டிக்கு எப்போதும் மெகர்தான் வருவார். காதர் எப்படி இருக்கிறார் என்று டாக்டர் கேட்பார். தூங்குகிறார், சத்தம் கேட்பது நின்றுவிட்டது, ஆனால் சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று மட்டும் இன்னும் சொல்கிறார் என்பார் மெகர். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். அடுத்து வேறு டாக்டர் வருவார், அதே கேள்வி, அதே பதில், இன்னும் கொஞ்சம் கூட்டுவார். மற்றதெல்லாம் சரியாகி அந்த ஒரு சந்தேகம் மட்டும் போகாமல் நின்றது.

காதரை யாரும் நேரில் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டதே என்று ஒருநாள் வீட்டுக்குப் போனேன். பஸ் இறங்கிக் கருவேலங்காட்டு வழியாக நடந்து போனால் ஊர்க் கடைசியில் வீடு. வேலியெல்லாம் மிதிபாகல் என்கிற சின்னப் பாகற்காய்க் கொடி. மெகர் வாங்கக்கா என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். காதர் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் எச்சில் ஒழுகி நனைந்திருந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் டீ தளும்பி வேட்டியில் கொட்டியது. பாலைவனத்தில் லாரி ஓட்டிய கை அது.

நான் அவரிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மெகரே பதில் சொன்னார். சேவை நல்ல சேவை, டாக்டர்கள் தங்கமான டாக்டர்கள். அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லாமல், உலை கொதிக்கிற மாதிரி இருக்கிறதே, போய்ப் பாரம்மா என்றேன். மெகர் தயங்கித் தயங்கி உள்ளே போனார். அதன் பிறகுதான் காதரிடம், மாத்திரை சாப்பிட்டால் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எந்த மாத்திரை?" என்றார். "நான் மாத்திரைய விட்டு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சேக்கா."

உள்ளே அகப்பைச் சத்தம் நின்றது. வேறு என்ன தொந்தரவு என்று கேட்டு வைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, இத்தனை நாளாகக் கேட்க ஆள் கிடைக்காதவர் போலச் சொன்னார்: "சோத்துல எதையோ கலக்குறாகக்கா. கசக்குது. அதச் சாப்பிட்டாத்தான் கை இப்படி ஆடுது. சொன்னா எல்லாரும் எனக்கு மனசு சரியில்லேங்குறாக."

நான் எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன். அடுப்பில் பாகற்காய்க் குழம்பு. மேடையில் ஏலக்காய் இடிக்கிற சின்னக் கல்லில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. மெகர் அதை மறைக்கக்கூட இல்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

மெகர் சொல்லித் தெரிந்தது இது: காதர் மாத்திரையைத் துப்பத் தொடங்கியபோது மெகர் வண்டிக்கு வந்து அழுதிருக்கிறார். மாத்திரை கொடுக்கிற இடத்தில் இருந்த நம் ஆள் ஒருவர், சோற்றில் பொடித்துப் போட்டுக் கொடு, தெரியவா போகிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பின்னால் நின்ற கூட்டத்தை நகர்த்த வேண்டும் அல்லவா? அவருக்கு அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. கசப்பு தெரியாமல் இருக்க மெகர் வாரத்தில் பாதி நாள் பாகற்காய் சமைக்கத் தொடங்கியிருக்கிறார். சந்தை வரை போக முடியாத நாளுக்கு வேண்டும் என்று வேலியிலேயே கொடியை ஏற்றியிருக்கிறார். நான் அழகுக்குக் கொடி விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தவள்.

"மாத்திரையக் கலக்குறது கூடப் பெருசில்லக்கா" என்றார் மெகர். "அவரு கசக்குதுன்னு சொல்றப்பல்லாம், இல்ல மச்சான், உங்களுக்கு மனசுதான் சரியில்லன்னு அவரு மொகத்தப் பாத்துச் சொல்லணும். அதத்தான் என்னால முடியல."

டாக்டரிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார். அதுவும் உண்மைதான். எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள், மாத்திரையை எப்படிக் கொடுக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கலக்கச் சொன்னது நாம். கலக்குகிறார்கள் என்று அவர் சொன்னால் அதை நோய் என்று எழுதியதும் நாம். அந்த நோய்க்கு மருந்தைக் கூட்டி, கூட்டிய மருந்தையும் அதே சோற்றில் கலக்கக் கொடுத்து, கை ஆடுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வைத்ததும் நாம்தான். இதற்குப் பெயர் சமூக மனநல சேவை.

நான் முற்றத்துக்குத் திரும்பியதும் காதர் என் முகத்தைப் பார்த்தார். "உள்ள போயிட்டு வந்ததும் உங்க மொகம் மாறிப்போச்சு. என்னக்கா பாத்தீங்க?" என்றார். இந்த இடத்தில் என்ன செய்திருப்பீர்கள் என்று உங்களில் ஒவ்வொருவரையும் கேட்க ஆசை. சொல்லிவிடலாம். அவர் அன்றோடு வீட்டுச் சாப்பாட்டை நிறுத்துவார், மாத்திரையும் நிற்கும், பழைய சத்தம் திரும்பி வரும். கிணறு அங்கேயேதான் இருக்கிறது, இந்தத் தடவை அதில் விழுவது போனாக இருக்காது. சொல்லாமலும் விடலாம். அப்படி விட்டால் அவரைப் பைத்தியம் என்று சொல்கிறவர்களின் வரிசையில் நானும் போய் நிற்க வேண்டும். அடுத்த வாரம் வருகிறேன், வந்து பதில் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். ஒன்றுமில்லை என்று நான் சொல்லாததே அவருக்குப் பாதிப் பதிலாக இருந்திருக்கும்.

வண்டி வந்த நாளில் டாக்டரிடம் விவரம் சொன்னேன். இளைஞர், நல்லவர்தான், வெளியே வரிசை வாசல் வரை நின்றது. காதர் சொல்வது நிஜம், அது நோயால் வந்த சந்தேகம் இல்லை, அதற்காகக் கூட்டிய மருந்தைக் குறைத்துவிடுங்கள், கை ஆடுகிறது என்றேன். அவர் யோசித்தார். கலக்குவது வேறு, கலக்குகிறார்கள் என்று சந்தேகப்படுவது வேறு, அவர் கண்ணால் பார்க்கவில்லையே, ஆகவே அது நோய்தான் என்றார். படித்தவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். முன்பு பார்த்த டாக்டர்கள் எழுதியது தவறு என்று நான் எப்படி எழுதுவது, நாளைக்கு யார் பதில் சொல்வது என்று அடுத்துச் சொன்னதுதான் நிஜமான காரணம். நோயாளியிடம் எதையும் சொல்லாதீர்கள், சொல்லி ஏதாவது ஆனால் உங்கள் பொறுப்பு என்றும் சொன்னார்.

பொறுப்பு என்ற சொல்லை நம் துறையில் எப்போதும் அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் கேட்டிருக்கிறேன். சரி, என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னபடி அடுத்த வாரம் காதர் வீட்டுக்குப் போனேன். நான் சொல்லப் போவதில்லை, நீதான் சொல்ல வேண்டும் என்று மெகரிடம் சொன்னேன். அவர் என் கையை உதறினார். சொன்னால் என்னை விட்டுவிடுவார் என்றார். நான் சொன்னால் கண்டிப்பாக விட்டுவிடுவார், நீயே சொன்னால் ஒருவேளை விடமாட்டார் என்றேன். அந்த ஒருவேளையை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மெகர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் புருஷன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். குழம்பில் மாத்திரை போடுவதையும், யார் போடச் சொன்னார்கள் என்பதையும், எதற்காகப் பாகற்காய் என்பதையும் சொன்னார். அழவில்லை. அழுதால் முழுவதும் சொல்ல முடியாது என்று நினைத்திருப்பார்.

காதர் கத்தவில்லை. பயந்துகொண்டே நின்ற எனக்கு அவர் கத்தியிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மனசு சரியில்லன்னு சொன்னியே" என்றார். "தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமா மச்சான்."

காதர் எழுந்தார். வாசல் வரை போய் நின்று, வெளியில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, என் பக்கம் கையை நீட்டினார். "மாத்திரைய என் கையில குடுங்கக்கா. எதுக்குன்னு சொல்லிக் குடுங்க. திங்கிறேன்."

அன்று முதல் அவரே மாத்திரையை எடுத்து, தண்ணீர் ஊற்றி விழுங்கினார். இத்தனை வருடம் ஒருவர்கூட முயன்று பார்க்காத வழி இது. சத்தம் திரும்பி வரவில்லை. ஆனால் மருந்து கூட்டின அளவிலேயே இருந்ததால் கை ஆடுவது நிற்கவில்லை. அதைக் குறைக்க டாக்டர் வேண்டும். அதனால் வண்டி வருகிற நாளில் அவரையே கூட்டிக்கொண்டு திருச்சுழிக்குப் போனேன். முதன்முறையாக நோயாளியே வரிசையில் நின்றார். போகும் வழியில் பஸ்ஸில் அவர் ஒன்றுதான் கேட்டார். தான் சொன்னது பொய்யில்லை என்று அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதித் தருவார்களா என்றார். கேட்டுப் பார்ப்போம் என்றேன்.

அன்று வந்திருந்தது இன்னொரு புது டாக்டர். சீட்டைப் புரட்டினார். பழைய டாக்டர்கள் எழுதியதைப் படித்தார். தலை நிமிராமல் கேட்டார்: "இப்பவும் சாப்பாட்டுல யாரோ எதையோ கலக்குற மாதிரி தோணுதா?"

காதர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் ஆடுகிற கையை மேசைக்குக் கீழே லேசாக அசைத்து என்னை நிறுத்தினார்.

"இல்ல சார்" என்றார்.

டாக்டர் முகம் மலர்ந்தது. மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது, சந்தேகம் முழுவதும் போய்விட்டது, இனி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார். அப்படியே எழுதினார். நான் பேசியிருந்தால் ஒரு வாதம் நடந்திருக்கும். வாதத்தில் நான் ஜெயித்திருக்கலாம், அவர் கை ஆடிக்கொண்டே இருந்திருக்கும். காதருக்கு அது என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. வேப்பமரத்தடியில் நின்று சீட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். "முன்னாடி சொன்னதும் நெசம்தான், இன்னைக்குச் சொன்னதும் நெசம்தான்" என்றார். "அவுகளுக்கு இது மட்டும்தான் பிடிச்சிருக்கு." சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன். அதில் பங்கு வாங்கிக்கொள்ளாமல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நான் விடவில்லை. நடந்ததை அப்படியே எழுதிக் கருத்துக் கேட்பு அறிக்கையோடு கொடுத்தேன். நோயாளியிடம் மறைத்து மருந்து கொடுக்கச் சொல்லாதீர்கள், சொன்னால் சீட்டிலாவது குறித்து வையுங்கள் என்று கேட்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி, உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், ஆனால் ஒரு வீட்டில் நடந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அதை ஒதுக்கினார். எத்தனை வீட்டில் போய்ப் பார்த்தோம் என்று கேட்டேன். டீ வந்தது. அதோடு முடிந்தது.

முடியவும் இல்லை. அந்த ஆண்டு திட்டத்தின் வெற்றிக் கதை ஒன்று வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். சீட்டுகளைப் புரட்டியவர்கள் காதருடையதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தொடர் சிகிச்சையால் சந்தேக எண்ணம் முழுமையாக நீங்கிய நோயாளி. பெயர் போடவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம். அதைப் பெரிய தாளில் அச்சடித்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினார்கள். காதர் மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் அதற்குக் கீழேதான் வரிசையில் நின்றார். அது தன்னைப் பற்றியது என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை, எனக்கே வாய் வரவில்லை.

இப்போது அவர் கை நின்றுவிட்டது. சின்ன லோடு வண்டி ஒன்று ஓட்டுகிறார். அருப்புக்கோட்டையிலிருந்து சிமெண்டு, செங்கல் ஏற்றிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பார். சொல்லாமலே விட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பெரும்பாலான நாட்களில் அதை நம்பவும் செய்கிறேன்.

நீங்கள் கேட்கப் போகும் கேள்விகளில் 'வீட்டில் உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களா' என்று ஒன்று இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனபோது நானும் அதைக் கேட்டேன். காதர் உள்ளே இருந்த மெகருக்கும் கேட்கிற மாதிரி, நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், ஒரு குறையும் இல்லை என்றார். எழுதிக்கொண்டேன். 'திருப்தி'. வேலியில் பாகல் கொடி இல்லை, வேரோடு பிடுங்கியிருந்தார்கள்.

அதற்குள் மெகர் அவருக்குத் தட்டுக் கொண்டுவந்து வைத்தார். தட்டில் இரண்டு வாழைப்பழம், தோலோடு அவித்த ஒரு கை நிலக்கடலை, ஓடு உரிக்காத இரண்டு முட்டை. சோறு திருச்சுழி பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய பொட்டலம், அதை அவரே பிரித்தார். முட்டையை நாற்காலிக் கையில் தட்டி, ஆடாத விரல்களால் பொறுமையாக உரிக்கத் தொடங்கினார். என்னை வழியனுப்ப வாசல் வரை வந்த மெகர், நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"உரிச்சு வச்சாத் தொட மாட்டாருக்கா. நானும் உரிக்கிறதில்ல."